போர் முடிந்தபின் வந்த 156 டெஸ்ட்ராயர்கள்: க்ளெம்சன் வகை வீண்செலவா?

"முதல் உலகப் போர் முடிந்த பிறகும் அமெரிக்கா க்ளெம்சன் வகை டெஸ்ட்ராயர்களைக் கட்டிக் குவித்ததே, அத்தனையும் வீண்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

டெஸ்ட்ராயர் என்றால் வேகமாக ஓடும் சிறிய போர்க்கப்பல். 1930-இல் கேட்டிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். ஜெர்மன் நீர்மூழ்கிகளை விரட்டுவதற்காக 1917-இல் முடிவான திட்டம் இது. போர் 1918 நவம்பரில் முடிந்துவிட்டது; இந்த வகையின் முதல் கப்பல்கள் கடற்படையில் சேர்ந்ததோ அதற்குப் பிறகுதான். கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த பிறகு மேளக்காரர் வந்து இறங்கிய கதை. அதன் பிறகும் 1922 வரை வந்துகொண்டே இருந்தன, மொத்தம் 156. இதற்கு முந்தைய விக்ஸ் வகையில் 111 கப்பல்கள் வேறு! பாதிக்கு வேலையில்லை, துறைமுகங்களில் கட்டிப்போட்டுவிட்டார்கள். 1923 செப்டம்பர் 8 இரவு, கலிபோர்னியாவின் ஹோண்டா முனையில், முன்னால் போன கப்பலின் இருப்பிடக் கணிப்பு பிசகியதால் ஏழு கப்பல்கள் அடுத்தடுத்துப் பாறையில் ஏறி நாசமாயின. 23 பேர் இறந்தார்கள். ஏழுமே க்ளெம்சன் வகை.

ஆனால் 1940-இல் கணக்கு மாறியது. கடலில் திணறிக்கொண்டிருந்த பிரிட்டனுக்கு அமெரிக்கா 50 பழைய டெஸ்ட்ராயர்களைக் கொடுத்து, பதிலுக்கு பிரிட்டன் வசமிருந்த இடங்களில் ராணுவத் தளங்களை 99 வருடக் குத்தகைக்கு வாங்கிக்கொண்டது. அந்த 50-இல் 20 இந்த வகை. புதிதாகக் கட்ட நேரமில்லாத சமயத்தில் கையில் கப்பல் இருந்ததே பெரிய விஷயம். ஆகவே பணம் வீண் என்று சொல்லமாட்டேன். விமானத்தை எதிர்க்க உருப்படியான பீரங்கிகூட இல்லாத இவற்றை 1942-இல் ஜாவா கடலில் ஜப்பானியரோடு மோதவிட்டதுதான் கொடுமை.

அந்தப் பக்கம் மாட்டிய 'ஸ்டூவர்ட்' என்ற க்ளெம்சன் கப்பலின் கதையைச் சொல்லாமல் விட மனசில்லை. 1942 பிப்ரவரியில், பாலித் தீவை ஒட்டி நடந்த இரவுச் சண்டையில் அடிபட்டு, பழுதுபார்க்க ஜாவாவின் சுரபாயா துறைமுகத்தில், கப்பலை உள்ளே வாங்கி நீருக்கு மேலே தூக்கும் மிதவைத் துறைக்குள் போனது. அடியில் கொடுத்த முட்டுகள் சரியில்லை. துறை மேலெழும்போதே கப்பல் நழுவிப் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. ஜப்பானியர் நெருங்கியதும் அமெரிக்கர்கள் அதற்கு வெடிவைத்துவிட்டுக் கிளம்பினார்கள். கடற்படைப் பட்டியலிலிருந்து பெயரை அடித்து, அதே பெயரைப் புதுக் கப்பல் ஒன்றுக்குச் சூட்டியும் விட்டார்கள்.

ஜப்பானியர் விடவில்லை. 1943-இல் அதைத் தூக்கி நிமிர்த்தி, ரோந்துப் படகு 102 என்று எண் கொடுத்து ஓட்டினார்கள். இந்த வகைக்கு அடையாளமே நான்கு புகைபோக்கிகள்தான். முன்பக்கம் இருந்த இரண்டை ஒன்றாக இணைத்துச் சாய்த்துவிட்டார்கள். அப்படியும் மறைக்க முடியவில்லை. எதிரிக் கடலுக்குள் அமெரிக்கக் கப்பல் ஒன்று போகிறது என்று நேசநாட்டு விமானிகள் தகவல் கொடுத்தபடியே இருந்தார்கள்.

1945-இல் ஜப்பான் சரணடைந்தபோது குரே துறைமுகத்துக்குப் பக்கத்தில் கப்பல் அகப்பட்டது. பழைய பெயர் வேறு கப்பலுக்குப் போய்விட்டதால் டிடி-224 என்ற வெறும் எண்ணோடு மறுபடி கடற்படையில் சேர்த்தார்கள். ஊர் திரும்பும் வழியில் இயந்திரம் படுத்துவிட, சான் பிரான்சிஸ்கோவுக்குக் கட்டி இழுத்து வந்தார்கள். 1946 மே 24 அன்று குறிபார்க்கும் பயிற்சிக்கு இலக்காக நிறுத்தினார்கள். விமானங்கள் சுட்டும் மூழ்கவில்லை. கடைசியில் ஒரு சின்ன ரோந்துக் கப்பலின் பீரங்கிதான் வேலையை முடித்தது. 2024 ஆகஸ்டில் கலிபோர்னியாவுக்கு அப்பால் ஆழ்கடல் ட்ரோன்கள் அதைக் கண்டுபிடித்தன. உடையாமல், கிட்டத்தட்ட நிமிர்ந்தே கிடக்கிறதாம்.