ரிலே முதல் சோக் வரை: தன் மின்தூண்டல் கேள்வி பதில்

கேள்வி (பிளஸ் டூ மாணவி): கம்பிச் சுருளில் சுற்றுகள் இரண்டு மடங்கானால் தன் மின்தூண்டல் எண் (மின்னோட்டம் மாறுவதைச் சுருள் எதிர்க்கும் அளவு) நான்கு மடங்காகும் என்கிறது பாடம். 50 சுற்றை 100 ஆக்கிப் பார்த்தேன் சார், இரண்டரை மடங்குகூட வரவில்லை.

பதில்: பாடமும் சரி, உங்கள் அளவும் சரி. அந்த விதி சுருளின் நீளம் மாறாதபோதுதான் பொருந்தும். நீங்கள் ஒரே அடுக்காகச் சுற்றிக்கொண்டே போனதால் நீளமும் இரட்டித்துவிட்டது.

ஓரடுக்குக் காற்றுச் சுருளுக்கு வீலர் வாய்ப்பாடு போதும். ஆரத்தின் வர்க்கத்தைச் சுற்றுகளின் வர்க்கத்தால் பெருக்குங்கள். ஆரத்தின் 22.9 மடங்கையும் நீளத்தின் 25.4 மடங்கையும் கூட்டி, அந்தத் தொகையால் வகுங்கள். அளவுகள் செ.மீ.யில் இருந்தால் விடை மைக்ரோஹென்றியில் வரும். 1.25 செ.மீ. ஆரம், அரை மில்லிமீட்டர் கம்பி, 2.5 செ.மீ. நீளத்தில் 50 சுற்று என்றால் சுமார் 42. அதே கம்பியில் 100 சுற்று, 5 செ.மீ. என்றால் 100தான். கால் மில்லிமீட்டர் கம்பியால் 100 சுற்றையும் 2.5 செ.மீ.க்குள் அடக்குங்கள், 170 கிடைக்கும்.

கேள்வி: 12 வோல்ட் ரிலேயை (சுருளின் காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) பிசி547 டிரான்சிஸ்டர் வைத்து இயக்குகிறேன். ஆன் செய்யும்போது ஒன்றும் ஆவதில்லை, ஆஃப் செய்யும்போது டிரான்சிஸ்டர் போய்விடுகிறது. ஏன்?

பதில்: சுருள் எதிர்ப்பது மின்னோட்டம் மாறுவதை. உங்கள் ரிலே 400 ஓம் என்றால் 30 மில்லிஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும். டிரான்சிஸ்டர் சட்டென்று அடைத்தாலும் அந்த மின்னோட்டம் உடனே நிற்காது. அதை ஓட வைக்கச் சுருள் தானே வோல்டேஜை உண்டாக்குகிறது, அது நூறு வோல்ட்டைத் தாண்டப் பார்க்கும். பிசி547 தாங்குவது 45 வோல்ட்.

மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் 1என்4007 டயோடு ஒன்றைச் சுருளின் இரு முனைகளுக்கும் குறுக்கே, ரிலேயின் கால்களிலேயே சால்டர் செய்யுங்கள். மிச்ச மின்னோட்டம் அதன் வழியே சுற்றி அடங்கிவிடும். வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம் வர வேண்டும். திருப்பிப் போட்டால் ஆன் செய்த உடனேயே டிரான்சிஸ்டர் எரியும்.

கேள்வி: டயோடு போட்டதும் ரிலே விடுவது தாமதமாகிறதே?

பதில்: ஆகும். டயோடு வெறும் 0.7 வோல்ட்டில் பிடித்துக்கொள்வதால் மின்னோட்டம் மெதுவாகத்தான் தணியும். டயோடோடு 24 வோல்ட் ஜீனரை (குறிப்பிட்ட வோல்டேஜில் எதிர்த்திசையிலும் மின்னோட்டத்தை விடும் டயோடு) எதிர்த்திசையில் தொடராகச் சேர்த்தால் சீக்கிரம் விடும். அப்போது டிரான்சிஸ்டரின் கலெக்டர் காலில் 12, 24, 0.7 சேர்ந்து 37 வோல்ட் அளவுக்குத்தான் வரும், 45க்குள் அடங்கிவிடும். ஏசி சுருளுக்கு மட்டும் டயோடு போடவே கூடாது.

கேள்வி: டியூப்லைட்டின் காப்பர் சோக் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சுருள்) மீட்டரில் 35 ஓம்தான் காட்டுகிறது. ஷார்ட்டா?

பதில்: இல்லை. மீட்டர் காட்டுவது கம்பியின் மின்தடையை மட்டுமே. 36 வாட் சோக்கில் தன் மின்தூண்டல் 1.2 ஹென்றி அளவில் இருக்கும், 50 ஹெர்ட்ஸ் ஏசிக்கு அது காட்டும் எதிர்ப்பு ஏறக்குறைய 377 ஓம். குழலின் மின்னோட்டத்தை 0.43 ஆம்பியரில் கட்டுவது அதுதான். உள்ளே சில சுற்றுகள் ஷார்ட்டானால் ஓம் அளவு அதிகம் மாறாது, ஆனால் தூண்டல் சரிந்துவிடும். சோக் கொதிக்கும், குழலின் முனைகள் சீக்கிரம் கறுக்கும். ஓம் மீட்டரை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.

கேள்வி (எலக்ட்ரீசியன்): அண்ணே, ஒரு மோட்டார் ஸ்டார்ட்டரில் 230 வோல்ட் கான்டாக்டர் (ரிலே மாதிரியே, ஆனா பெரிய சுவிட்ச்) காயில் திரும்பத் திரும்ப எரியுது. வோல்டேஜ் சரியாத்தான் இருக்கு.

பதில்: தம்பி, ஆர்மேச்சர் (காயில் இழுக்கிற இரும்புத் துண்டு) முழுசா உட்காருதான்னு முதல்ல பாருங்க. இரும்புப் பாதை மூடினாத்தான் காயிலோட தூண்டல் ஏறும், மின்னோட்டம் குறையும். நடுவுல தூசி, துருவால இடைவெளி விழுந்தா தூண்டல் குறைஞ்சே இருக்கும், இழுக்கிற நேரத்து மின்னோட்டம் பல மடங்கா நின்னுடும். உர்ருன்னு சத்தம் வந்தா அதுதான், இல்லேன்னா ஷேடிங் ரிங் (இரும்பு முகப்புல பதிச்ச, அதிர்வைத் தடுக்கிற வளையம்) உடைஞ்சிருக்கும். சப்ளையை நிறுத்திட்டு முகப்புகளைக் காய்ந்த துணியால துடைங்க. அரம் போடாதீங்க, கிரீஸும் வேண்டாம். மோட்டார் கிளம்புற நேரத்துல காயில் முனையில வோல்டேஜ் பாருங்க. 195க்குக் கீழ இறங்கினா காயிலைக் குறை சொல்லிப் பயனில்லை, லைனைத்தான் சரி செய்யணும்.

கேள்வி: எக்ஸ்டென்ஷன் ஒயரை ரீலில் சுற்றியபடியே ஹீட்டர் போட்டால் சூடாகிறது. தூண்டலாலா?

பதில்: இல்லை. ஃபேஸும் நியூட்ரலும் அருகருகே எதிரெதிர்த் திசையில் ஓடுவதால் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். சுருட்டிய ஒயரில் வெப்பம் வெளியேற வழியில்லை, அதுதான் காரணம். பல ரீல்களில் இரண்டு வாட் அளவுகள் அச்சிட்டிருக்கும். சுருட்டியபடி பயன்படுத்தினால் சிறிய அளவைத் தாண்டாதீர்கள்.