ஆப்பிரிக்க மழைக்காட்டில் படையெறும்புகளோடு திரியும் அலீத்தி பறவை, எறும்பையா தின்கிறது?

பெரும்பாலும் இல்லை. எறும்புக்குப் பயந்து ஓடிவரும் பூச்சிகள்தான் அதன் முக்கிய இரை.

மத்திய, மேற்கு ஆப்பிரிக்கத் தாழ்நிலக் காடுகளில் டோரிலஸ் என்ற படையெறும்புகள் லட்சக்கணக்கில் திரண்டு தரையை அலசிக்கொண்டே போகும். சருகுக்கடியில் ஒளிந்திருந்த கரப்பான், வெட்டுக்கிளி, சிலந்தி எல்லாம் அலறியடித்துக்கொண்டு வெளியே வரும். அலீத்தி அந்தப் படையின் முன்வரிசைக்குப் பக்கத்தில், தரையை ஒட்டிய குச்சியில் காத்திருக்கும். ஏதாவது துள்ளினால் சட்டென்று இறங்கிக் கொத்திவிட்டு, எறும்பு காலைக் கடிப்பதற்குள் மறுபடி மேலே ஏறிவிடும். எறும்பு இல்லாத நேரத்தில் தானாகவும் இரை தேடும்.

மேலே பழுப்பு, தொண்டையும் வயிறும் வெள்ளை. பார்க்க ரொம்பச் சாதாரணம். ஆனால் சண்டை வந்தால் உச்சியில் மறைந்திருக்கும் ஆரஞ்சு நிறக் கொண்டை விசிறியாக எழும்பும். அதற்காகவே எனக்கு இதன்மேல் தனிப் பிரியம். கூச்ச சுபாவம், அடர்ந்த நிழலை விட்டு வெளியே வராது. அதனால் கண்ணைவிடக் காதையே நம்ப வேண்டும்: இழுத்து ஊதும், சோகமான விசில். ஒருகாலத்தில் இதைப் பூங்குருவிக் (thrush) குடும்பத்தோடு சேர்த்தார்கள்; இப்போது ஈப்பிடிப்பான் குடும்பம்.

காட்டைத் துண்டு துண்டாக வெட்டினால் எறும்புப் படைகள் குறையும். அப்புறம் அவற்றை நம்பியிருக்கும் பறவைகளும் குறையும்.