விளைச்சல் கூடியும் வருமானம் ஏன் குறைகிறது? வேளாண் பொருளாதாரக் கேள்வி பதில்

பயிர், கால்நடை, அரசுத் திட்டம் என்று மூன்று பக்கமிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: இந்தப் போகம் எல்லோருக்கும் நல்ல விளைச்சல். ஆனால் போன வருடத்தைவிடக் கையில் நின்ற பணம் குறைவு. வியாபாரிகள் கூடிப் பேசி விலையை இறக்கிவிட்டார்கள் என்கிறார்கள். உண்மையா?

பதில்: அதுவும் சில இடங்களில் நடக்கும். ஆனால் வியாபாரி யோக்கியராகவே இருந்திருந்தாலும் விலை விழுந்திருக்கும். உணவுப் பொருள் விலை பாதியானது என்பதற்காக யாரும் இரண்டு மடங்கு சாப்பிடப் போவதில்லை. அதனால் கொஞ்சம் கூடுதலாக வரத்து இருந்தாலும், அதை விற்றுத் தீர்க்க விலை நிறைய இறங்க வேண்டியிருக்கிறது. 100 மூட்டை வரும் சந்தையில் மூட்டை 100 என்று விற்றால் மொத்த வரவு 10,000. அதே சந்தைக்கு 110 மூட்டை வந்து விலை 70 ஆகிவிட்டால் வரவு 7,700. அந்தப் பத்து மூட்டையை அறுத்து, சுமந்து, வண்டியேற்றிய கூலி தனி.

பறிகூலிக்குக் கூடக் கட்டாது என்று காயைச் செடியிலேயே விட்டுவிடுவதைப் பார்த்து ஊதாரித்தனம் என்பார்கள். கணக்குப்படி அது சரியான முடிவு. விதைக்கும் உரத்துக்கும் போட்டது போனதுதான். இனிமேல் போடும் கூலியாவது திரும்புமா என்பதை மட்டும்தான் அப்போது பார்க்க வேண்டும்.

இது ரொம்பப் பழைய விஷயம். 1699இல் இங்கிலாந்தில் சார்ல்ஸ் டேவனன்ட் வெளியிட்ட கணக்கில், தானிய விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விலை பத்தில் மூன்று பங்கு ஏறும், விளைச்சல் பாதியானால் 450 சதவீதம் ஏறும் என்று இருக்கிறது. அதே காலத்துப் புள்ளிவிவர அறிஞர் ஒருவரின் பெயரால் இதற்குக் கிரிகரி கிங்கின் விதி என்று பெயர். எண்கள் பயிருக்குப் பயிர் மாறும், போக்கு மாறாது.

கேள்வி: அப்படியானால் புது ரகம், புது கருவி என்று செலவு செய்வதே வீண்தானா?

பதில்: முந்திக்கொள்பவருக்கு லாபம் உண்டு. அவருடைய உற்பத்திச் செலவு குறைந்திருக்கும், சந்தை விலை இன்னும் இறங்கியிருக்காது. எல்லோரும் வாங்கிய பிறகு விலை இறங்கிவிடும். அப்புறம் அந்தக் கருவி இல்லாதவர் நஷ்டப்படுவார், இருப்பவர் பழைய நிலையில் இருப்பார். வில்லார்ட் காக்ரேன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1958இல் இதற்கு டிரெட்மில், அதாவது எவ்வளவு ஓடினாலும் நின்ற இடத்திலேயே இருக்க வைக்கும் ஓட்டப் பொறி, என்றே பெயர் வைத்தார். பலன் கடைசியில் சாப்பிடுகிறவருக்குப் போகிறது. அதைக் கெடுதல் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உழவர் வருமானத்தைக் கூட்டும் திட்டம் என்று அதை விற்கும்போதுதான் எரிச்சல் வருகிறது.

கேள்வி: இறைச்சி மாட்டு விலை இரண்டு வருடமாக ஏறுமுகம். மந்தையைப் பெருக்கலாமா?

பதில்: உங்களுக்குத் தோன்றியது பக்கத்துப் பண்ணைக்காரருக்கும் தோன்றியிருக்கும். பன்றியில் இது சீக்கிரம் தெரியும். சினைக்காலம் 114 நாள், அதன்பின் ஆறு மாதம் போல வளர்ப்பு. இன்றைய விலையைப் பார்த்துச் சினைப்படுத்தியவர்கள் எல்லோரும் ஏறக்குறைய பத்து மாதம் கழித்து ஒரே நேரத்தில் சந்தையில் நிற்பார்கள். விலை விழும், பலர் தொழிலை விடுவார்கள், மறுபடி ஏறும். ஜெர்மனியில் ஆர்தர் ஹனாவ் 1920களின் கடைசியிலேயே இந்தப் பன்றிச் சுழற்சியை ஆராய்ந்து எழுதிவிட்டார்.

மாட்டில் ஒரு சிக்கல் கூடுதல். கிடேரி விற்பனைச் சரக்காகவும் இருக்கிறது, நாளைக்குக் கன்று போடும் மூலதனமாகவும் இருக்கிறது. விலை ஏறினால் கிடேரிகளை அறுப்புக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொள்கிறார்கள். வரத்து குறைந்து விலை இன்னும் ஏறுகிறது. இந்தக் கட்டத்தில்தான் புதிதாக வருகிறவர்கள் கடன் வாங்கி மாடு பிடிக்கிறார்கள். அந்தக் கிடேரிகள் போட்ட கன்றுகள் வளர்ந்து வரும்போது கதை தலைகீழாகும். எனவே விலையைப் பார்க்காதீர்கள். அறுப்புக்கு வரும் மாடுகளில் கிடேரிகளின் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். அது குறைந்துகொண்டே வந்தால் ஊரே மந்தையைப் பெருக்குகிறது என்று அர்த்தம். நான் அப்போது வாங்க மாட்டேன்.

கேள்வி: சில கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். பால் காசு தவறாமல் வருகிறது, தீவனக் கடன் மட்டும் தீரவே மாட்டேன் என்கிறது. எங்கே ஓட்டை?

பதில்: பால் கணக்கை மூடிவிட்டுக் காலண்டரை எடுங்கள். ஒவ்வொரு மாட்டுக்கும் கன்று ஈன்ற தேதி, சினை பிடித்த தேதி இரண்டையும் எழுதுங்கள். ஒரு ஈற்றுக்கும் அடுத்த ஈற்றுக்கும் 12 முதல் 13 மாதம் என்றால் நல்லது. பசு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். ஒரு தடவை கவனிக்காமல் விட்டால் அடுத்த கன்று 21 நாள் தள்ளிப்போகும். அந்த 21 நாளும் பால் வற்றிவரும் கடைசிக் கட்டத்தில்தான் போய்ச் சேரும், ஆனால் மாடு தின்பது நிற்காது. மூன்று தடவை தவறினால் இரண்டு மாதத் தீவனம் போச்சு. இதற்கு எந்தக் கடைக்காரரும் ரசீது தருவதில்லை என்பதால் கணக்கில் ஏறுவதே இல்லை. மாட்டின் வயது ஏற ஏறக் குறையும் மதிப்பும், வீட்டில் உள்ளவர்களின் உழைப்பும் இதே போல நழுவிவிடும்.

கேள்வி: நான் குத்தகைக்குப் பயிர் செய்பவன். நிலப்பரப்புக்கு இவ்வளவு என்று உதவித்தொகை அறிவித்தார்கள். அடுத்த வருடமே குத்தகை ஏறிவிட்டது. தற்செயலா?

பதில்: தற்செயல் இல்லை. நிலத்தைப் பிடித்திருந்தால் பணம் வரும் என்றால் நிலத்துக்குப் போட்டி வரும். போட்டி வந்தால் குத்தகை ஏறும். தானிய விலை ஏறியதால்தான் குத்தகை ஏறுகிறது, குத்தகையால் விலை ஏறவில்லை என்று ஆங்கிலப் பொருளாதார அறிஞர் டேவிட் ரிக்கார்டோ 1817இலேயே சொல்லிவிட்டார். உதவித்தொகைக்கும் அதே கதைதான்.

எந்தத் திட்டம் வந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: இந்தப் பணத்தை வாங்க எது கையில் இருக்க வேண்டும்? நிலம் என்றால் நில விலையில் போய் உட்காரும். ஆடு என்றால் ஆட்டு எண்ணிக்கையில். நியூசிலாந்தில் ஆதரவு கொடுத்த காலத்தில், 1982இல், செம்மறியாடுகள் 7 கோடியைத் தொட்டன. 1984இலிருந்து மானியங்களை நிறுத்தினார்கள். நில விலை விழுந்தது, மந்தை சுருங்கியது. பண்ணைகள் கூட்டம் கூட்டமாக மூழ்கும் என்ற பயம் மட்டும் பலிக்கவில்லை.

கேள்வி: எல்லா விளைபொருளுக்கும் குறைந்தபட்ச விலையைச் சட்டமாக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

பதில்: விலையை அறிவிப்பது சுலபம். மிஞ்சுவதை யார் வாங்கி, எங்கே வைப்பது? இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் இப்படித்தான் வெண்ணெய்யை மலை மலையாகக் கிடங்கில் குவித்தது. தாங்காமல் 1984இல் இவ்வளவு பால்தான் என்று ஒதுக்கீட்டு அளவு கொண்டுவந்தது, அது 2015இல்தான் முடிந்தது. இடையில் பல நாடுகளில் அந்த ஒதுக்கீட்டு உரிமையே விலைக்குப் போனது! புதிதாகத் தொழிலுக்கு வரும் இளைஞர் மாடு வாங்கும் முன் பால் விற்கும் உரிமையை வாங்க வேண்டியிருந்தது. விலை ஆதரவே கூடாது என்று சொல்லவில்லை. விலை படுத்த வருடத்தில் தாங்கிப்பிடிக்கும் அளவில் அது இருக்கட்டும், எல்லா வருடமும் சந்தைக்கு மேலே நிற்க வேண்டாம்.

கேள்வி: மழை அளவை வைத்து இழப்பீடு தரும் காப்பீடு நல்லதா?

பதில்: மழைமானி உங்கள் வயலிலிருந்து எவ்வளவு தூரம் என்று முதலில் கேளுங்கள். அங்கே பெய்து உங்களுக்குப் பொய்த்தால் ஒன்றும் வராது.

கேள்வி: ஒப்பந்தக் கோழி வளர்ப்பில் குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் நிறுவனமே தருகிறது. கொட்டகை மட்டும் என்னுடையது. அபாயம் குறைவுதானே?

பதில்: சந்தை விலை அபாயம் குறைவுதான். ஆனால் கொட்டகைக்கு வேறு உபயோகம் கிடையாது. அதில் போட்ட பணம் அந்த நிறுவனத்தை நம்பி நிற்கிறது. ஒரு தொகுதிக் கோழி ஆறு வாரத்தில் போய்விடும், கட்டடக் கடன் பல வருடம் ஓடும். அடுத்த தொகுதிக் குஞ்சு எத்தனை நாளில் வரும், தாமதமானால் உங்களுக்கு என்ன தருவார்கள் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா பாருங்கள். ஒப்பந்தக் காலம் கடன் காலத்தைவிடக் குறைவாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.