பத்துப் பேரும் ஒரே பதிலைச் சொல்கிறார்களே?

கேள்வி: நான் பகுதிநேரமாக முதுகலைப் பட்டம் படித்து வருகிறேன். சிங்கப்பூர் நிறுவனங்களில் பயனர் அனுபவக் குழுக்களை, அதாவது செயலிகளையும் இணையத்தளங்களையும் பயன்படுத்த எளிதாக வடிவமைக்கும் குழுக்களை, வழிநடத்துவோர் எதிர்நோக்கும் சிக்கல்கள் என்பது என் ஆய்வுத் தலைப்பு. இதுவரை பத்து மேலாளர்களை நேர்கண்டிருக்கிறேன். "உங்கள் பணியில் என்னென்ன சவால்கள்?" என்று கேட்டால், ஆள் போதவில்லை, நேரம் போதவில்லை, மேலிடத்துக்கு வடிவமைப்பின் அருமை தெரியவில்லை என்று பத்துப் பேரும் ஏறக்குறைய ஒரே சொற்களில் பதில் சொல்கிறார்கள். இதையே ஆய்வு முடிவாக எழுதிவிடலாமா?
– வாசகி, செங்காங்

பதில்: எழுதிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பத்துப் பேரும் உங்களிடம் பொய் சொல்லவில்லை. ஆனால் பட்ஜெட் கூட்டத்திலும் மாநாட்டு மேடையிலும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பதிலைத்தான் உங்களுக்கும் தந்திருக்கிறார்கள். "உனக்கு என்ன வேண்டும் என்று பயனரிடம் கேட்காதே, கடைசியாக அந்தச் செயலியைத் திறந்தபோது என்ன செய்தார் என்று கேள்" எனத் தம்மிடம் பணிபுரியும் இளம் ஆய்வாளர்களுக்கு நாள்தோறும் கற்பிப்பவர்கள் இந்த மேலாளர்கள்தாம். அதே முறையை அவர்களிடமும் கையாளுங்கள்.

இந்தச் சிக்கல் புதிதன்று. 1941இல் அமெரிக்க இராணுவ விமானப் பயிற்சிப் பள்ளிகளிலிருந்து நீக்கப்பட்ட 1,000 பயிற்சி விமானிகள் ஏன் தேறவில்லை என்று அங்கிருந்த உளவியலாளர்கள் ஆராய்ந்தபோது, பதிவாகியிருந்த காரணங்களில் பல "பறப்பதற்கான இயல்பான திறன் இல்லை" என்பது போன்ற வழக்கமான சொற்றொடர்களாகவே இருந்தன. அடுத்துச் சேர வருபவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கு அந்தச் சொற்கள் எந்த வழியும் காட்டவில்லை. அதன் பிறகுதான், கருத்தைக் கேட்பதை விட்டுக் குறிப்பிட்ட நிகழ்வுகளைக் கேட்டுச் சேகரிக்கும் முறை படிப்படியாக உருவானது. அந்தப் பணிக்குத் தலைமை தாங்கிய ஜான் ஃபிளானகன் 1954இல் அதை விரிவான கட்டுரையாக வெளியிட்டார். உங்கள் ஆய்வுக்கு அது மிகவும் பொருந்தும் என்று நம்புகிறேன்.

ஆகவே அதே பத்துப் பேரிடம் இன்னொரு முறை அரை மணி நேரம் கேட்டுப் பெறுங்கள். "கடந்த மூன்று மாதங்களில் உங்கள் குழுவின் பரிந்துரை ஒன்று ஏற்கப்படாமல் போன நாளைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று தொடங்குங்கள். அறையில் யார் யார் இருந்தார்கள், முதலில் மறுத்தவர் யார், அவர் என்ன காரணம் சொன்னார், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, கடைசியில், "திரும்பி வந்து உங்கள் வடிவமைப்பாளரிடம் இதை எப்படிச் சொன்னீர்கள்?" என்று கேளுங்கள். மேலிடத்தின் முடிவைத் தன் முடிவாகச் சொன்னாரா, அல்லது "நானும் எதிர்த்தேன்" என்று சொல்லிவிட்டாரா என்பதில்தான், மேலுக்கும் கீழுக்கும் நடுவில் நிற்பவரின் உண்மையான பாரம் தெரியும்.

நான் ஒருமுறை நேர்கண்ட ஒரு குழுத் தலைவரும் முதலில் "நேரமில்லை" என்றுதான் சொன்னார். அண்மையில் நடந்த ஒன்றைக் கேட்டபோது வேறொரு கதை வெளிவந்தது. நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் வெளியாகவேண்டிய ஒரு செயலியில், ஆங்கிலத் திரைகளின் அளவுகள் முடிவான பிறகே தமிழ் மொழிபெயர்ப்பு வந்து சேர்ந்திருக்கிறது. "உறுதிப்படுத்தவும்" என்ற சொல் பொத்தானில் அடங்காமல் "உறுதிப்ப" என்று வெட்டுப்பட்டு நின்றது. மொழிபெயர்ப்புக்கான பணமும் கால அட்டவணையும் வேறொரு துறையின் கையில் இருந்தன. திரையில் எது தவறினாலும் பதில் சொல்லவேண்டியவர் இவர். அந்த அட்டவணையை ஒரு நாள்கூட நகர்த்தும் அதிகாரம் இவருக்கு இல்லை. எனவே அவர் "நேரமின்மை" என்று பெயரிட்டது, பொறுப்பு இருந்தும் அதிகாரம் இல்லாத நிலையைத்தான். வெட்டுப்பட்ட அந்தச் சொல்லைப் படிக்கப்போகும் நம் வீட்டு முதியவர்களை நினைத்தால், இந்த வேறுபாட்டைக் கண்டறிவது வெறும் கல்விப் பயிற்சி அன்று என்பது விளங்கும்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். பதவிப் பெயர்களை நம்பி ஆட்களை வகைப்படுத்தாதீர்கள். வடிவமைப்பு அறிஞர் டான் நார்மன் 1993இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்து, "பயனர் அனுபவம்" என்ற சொல்லைத் தம் பதவிப் பெயரிலேயே ஏற்றுக்கொண்ட பிறகுதான் அது பரவலாயிற்று. இத்துறையின் பதவிப் பெயர்கள் இன்னும் ஒழுங்குபடவில்லை. ஓரிடத்தில் "தலைவர்" என்பவர் தனி ஒருவராகவே வடிவமைத்துக்கொண்டிருப்பார். எத்தனை பேரின் ஆண்டு மதிப்பீட்டை எழுதுகிறார், ஆள் எடுப்பதில் அவருடைய சொல் செல்லுமா என்ற இரண்டையும் முதலிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு செயலியை ஐந்து பேரிடம் கொடுத்துச் சோதித்தாலே அதன் குறைகளில் 85 விழுக்காடு தெரிந்துவிடும் என்கிறார்களே, மேலாளர்களைப் பற்றிய ஆய்வுக்கும் ஐந்து பேர் போதாதா?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: போதாது. இத்துறை ஆய்வாளர்களான ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் வெளியிட்ட கணக்கிலிருந்து வந்த எண் அது. ஒரே திரைவடிவத்தைப் பயன்படுத்தும் ஒருவர் சராசரியாக 31 விழுக்காட்டுக் குறைகளை வெளிக்கொணர்வார் என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேரில் சுமார் 85 விழுக்காடு தெரிந்துவிடும். வங்கியிலும் மருத்துவமனையிலும் புதுத்தொழில் நிறுவனத்திலும் பணிபுரியும் மேலாளர்கள் ஒரே திரை அல்லர். நேர்காணல் ஆய்வுகளைப் பொறுத்தவரை, ஆய்வாளர் கிரெக் கெஸ்ட் குழுவினர் கானாவிலும் நைஜீரியாவிலும் நடத்திய 60 நேர்காணல்களைப் பகுத்தாய்ந்து, ஓரளவு ஒத்த பின்னணியுடையவர்களிடம் 12 நேர்காணல்களிலேயே பெரும்பாலான கருத்துகள் வந்துவிட்டன என்று 2006இல் காட்டினார்கள். "ஒத்த பின்னணி" என்ற நிபந்தனையை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: வடிவமைப்பாளராக இருந்து சென்ற ஆண்டு மேலாளரானேன். மாணவர் ஒருவர் தம் ஆய்வுக்காக என்னை நேர்காண விரும்புகிறார். பெயரைப் போடமாட்டேன் என்கிறார். இருந்தாலும் என் நிறுவனத்துக்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்.
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. நம்முடையது சிறிய ஊர். இத்துறையினர் ஒருவரையொருவர் அறிவார்கள். "ஓர் உள்ளூர் வங்கியில் அண்மையில் பதவி உயர்வு பெற்ற தமிழர்" என்று எழுதினாலே பெயர் தேவைப்படாது. எனவே பெயரை மட்டுமன்றித் துறை, குழுவின் அளவு, பதவியேற்ற ஆண்டு ஆகியவற்றையும் மாற்றியோ விடுத்தோ எழுதும்படி கேளுங்கள். உங்கள் கூற்றாக மேற்கோள் காட்டவிருக்கும் வரிகளை அச்சுக்கு முன் உங்களிடம் காட்டவேண்டும் என்றும், ஒலிப்பதிவு எப்போது அழிக்கப்படும் என்பதை ஒப்புதல் படிவத்திலேயே எழுதித் தரவேண்டும் என்றும் சொல்லுங்கள். பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக்குழு அனுமதித்திருக்கிறதா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். அக்கறையுள்ள மாணவர் அதைத் தவறாக நினைக்கமாட்டார். இன்னும் வெளிவராத செயலியைப் பற்றி மட்டும் எந்நிலையிலும் பேசாதீர்கள், ஏனெனில் அதற்கு உங்கள் வேலை ஒப்பந்தமே தடையாக இருக்கக்கூடும். இவ்வளவும் சரியாக அமைந்தால் பேசச் செல்லுங்கள்; பதவியேற்ற முதல் ஆண்டின் தடுமாற்றங்கள் நினைவில் பசுமையாக இருப்பவரின் சொற்களே அந்த மாணவருக்குக் கிடைத்தற்கரியவை.