கம்பெனி பாலிசியா, இஎஸ்ஐயா, முதல்வர் காப்பீடா? எதை எங்கே காட்டுவது

கேள்வி அனுப்பிய எல்லாருக்கும் முதலில் ஒன்று. இந்தத் திட்டங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. உங்கள் குரூப் பாலிசிக்கு (கம்பெனி ஊழியர்களுக்குச் சேர்த்து எடுக்கும் மருத்துவக் காப்பீடு) இஎஸ்ஐ (சம்பளத்தில் பிடிக்கும் தொழிலாளர் அரசு காப்பீடு) பற்றித் தெரியாது, இஎஸ்ஐக்கு முதல்வர் காப்பீட்டு அட்டை பற்றித் தெரியாது. கணக்குப் போட்டு இணைக்க வேண்டியது நாம்தான், அதுவும் ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன்னாலேயே.

சம்பளம் 19,500. இஎஸ்ஐ பிடிக்கிறார்கள், கம்பெனி 2 லட்சத்துக்கு குரூப் பாலிசியும் போட்டிருக்கிறது. குடலிறக்க ஆபரேஷனை பாலிசியில் செய்துகொண்டால் இஎஸ்ஐக்குக் கட்டியது வீணா? (அம்பத்தூர்)

வீணாகாது. ஆஸ்பத்திரி பில் வேறு, வீட்டில் படுத்திருக்கும் நாட்களின் சம்பளம் வேறு. பில்லை குரூப் பாலிசி கேஷ்லெஸ்ஸில் (நாம் கட்டாமல் காப்பீட்டு நிறுவனமே ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பது) பார்த்துக்கொள்ளட்டும். ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று வாரம் வேலைக்குப் போக முடியவில்லை, லீவும் தீர்ந்துவிட்டது என்றால் அந்த நாட்களுக்கு இஎஸ்ஐ சராசரி தினக்கூலியில் 70 சதவீதம் தரும், வருடத்துக்கு 91 நாள் வரை. உரிய ஆறு மாதக் கணக்கில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும், முதல் இரண்டு நாளுக்குப் பொதுவாகப் பணம் வராது. மாதாமாதம் சம்பளத்தில் 0.75 சதவீதத்தைக் கொடுத்துவிட்டு (நிறுவனம் 3.25 கட்டுகிறது) இந்தப் பணத்தைக் கேட்காமலே விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே ஆற்றாமையாக இருக்கிறது.

தேதி முடிவானதுமே உங்கள் இஎஸ்ஐ டிஸ்பென்சரியில் சொல்லி வையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியோடு போய் அங்குள்ள டாக்டரிடமே சான்றிதழ் வாங்குங்கள், தனியார் டாக்டரின் லெட்டரை மட்டும் நம்பிப் போனால் அலைய வேண்டிவரும். கம்பெனி சம்பளம் கொடுத்த நாளுக்கு இஎஸ்ஐ பணம் கிடையாது. ஒரே பில்லை இரண்டு இடத்தில் காட்டிப் பணம் வாங்குவதும் கூடாது.

ஜூனில் சம்பளம் 23,000 ஆகிவிட்டது. இனி இஎஸ்ஐ கிடையாது என்கிறார் ஹெச்ஆர். (ஓசூர்)

அவசரப்படுகிறார். மாதச் சம்பள உச்சவரம்பு 21,000தான், ஆனால் நடுவில் தாண்டினால் அந்த ஆறு மாதச் சந்தா காலம் முடியும்வரை, அதாவது செப்டம்பர் 30 வரை, 23,000க்கும் சேர்த்துப் பிடித்தே ஆக வேண்டும். அந்தச் சந்தாவுக்கான பலன் காலம், அதாவது அதை வைத்துப் பலன் பெறக்கூடிய காலம், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அதனால் அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மனைவி பனியன் கம்பெனியில் வேலை, இஎஸ்ஐ உண்டு. என் கம்பெனி பாலிசியில் பிரசவச் செலவு வரும். எதை எடுப்பது? (திருப்பூர்)

இரண்டையும். பிரசவ பில்லை உங்கள் பாலிசியில் போடுங்கள் (அதற்குத் தனி வரம்பு இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்). முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார முழுச் சம்பளத்தை மனைவி இஎஸ்ஐயிலிருந்து வாங்கலாம், முந்தைய இரண்டு சந்தா காலங்களில் 70 நாள் சந்தா இருந்தால் போதும்.

ஊரில் அப்பா அம்மாவிடம் முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. என் கம்பெனி பாலிசியிலும் சேர்த்திருக்கிறேன். அப்பாவுக்கு பைபாஸ். (விருதுநகர்)

முதலில் ஒரு கேள்வி: நீங்களும் அதே குடும்ப அட்டையில் இருக்கிறீர்களா? ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்கும் குடும்பத்துக்கான திட்டம் அது, உங்கள் சம்பளமும் சேர்ந்தால் தகுதியே போய்விடும். அவர்கள் தனி அட்டையில் இருக்கிறார்கள், வருமானச் சான்றும் சரியாக இருக்கிறது என்றால் நான் முதல்வர் காப்பீட்டைத்தான் சொல்வேன். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை, கையிலிருந்து கொடுக்காமல் சிகிச்சை. கம்பெனி பாலிசிகளில் பெற்றோருக்குப் பல இடங்களில் பில்லில் 10, 20 சதவீதத்தை நம் தலையில் கட்டிவிடுவார்கள். அப்புறம் அறை வாடகை வரம்பு. அதைத் தாண்டிய அறையை எடுத்தால் வாடகையில் மட்டும் வெட்டமாட்டார்கள், டாக்டர் ஃபீஸ் உட்படப் பல செலவுகளிலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள்.

ஆனால் நீங்கள் நினைக்கும் ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறதா, பைபாஸுக்கே அனுமதி பெற்றிருக்கிறதா என்று அங்குள்ள காப்பீட்டு மேசையில் கேட்டுவிட்டுச் சேருங்கள். சேர்ந்த பிறகு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது பெரும்பாடு.

அடுத்த மாதம் ஓய்வு. எல்லாமே போய்விடுமா? (ராணிப்பேட்டை)

குரூப் பாலிசி பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடியும். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசியாக மாற்ற முடியுமா என்று இந்த வாரமே எழுதிக் கேளுங்கள், சில நோய்களுக்குப் பாலிசி எடுத்து இத்தனை காலம் காத்திருக்க வேண்டும் என்பார்களே, அதில் இதுவரை கழிந்த காலமும் கணக்கில் சேரும். ஐந்து வருடமாவது இஎஸ்ஐயில் இருந்து ஓய்வு பெறுகிறீர்கள் என்றால், வருடத்துக்கு 120 ரூபாய் கட்டி உங்களுக்கும் மனைவிக்கும் இஎஸ்ஐ மருத்துவ வசதியைத் தொடரலாம். கிளை அலுவலகத்துக்கு நிறுவனத்தின் சான்றோடு போங்கள்.