ஐந்து சாறும் வேலை செய்தால் முதலில் டானினைப் பாருங்கள்

ஐந்து மூலிகைச் சாறுகளைச் சோதித்ததில் ஐந்துமே அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதியை (நரம்புச் செய்தியைக் கடத்தும் அசிட்டைல்கோலினை உடைப்பது) தடுக்கின்றன, எதை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு டானின் மேல்தான் சந்தேகம்; செடிகளில் இருக்கும் துவர்ப்புப் பொருள் அது. எந்தப் புரதம் கிடைத்தாலும் போய் ஒட்டிக்கொள்ளும். நொதியும் புரதம்தான், அதனால் நொதி செத்ததுபோலத் தெரியும். டானினைப் பிடித்துக்கொள்ளும் பாலிவினைல்பாலிபைரோலிடோன் தூளைச் சாற்றில் போட்டுக் குலுக்கி, வடிகட்டி, மறுபடி அளந்து பாருங்கள். டானின் சேர்ந்த பாலிபீனால் குடும்பத்தின் மற்ற பொருள்களும் கொஞ்சம் போய்விடும், பரவாயில்லை. தடுப்பு சட்டென்று விழுந்தால் அது பெரும்பாலும் டானின் வேலை.

அப்புறம், நொதி எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்கும் எல்மன் முறையில், 412 நானோமீட்டர் ஒளியில் மஞ்சள் நிறத்தைத்தானே அளக்கிறோம்? சாறே மஞ்சளாக இருந்தால் கணக்கு குழம்பும். நொதி சேர்க்காமல் சாறு மட்டும் விட்ட குழி ஒன்று சோதனைத் தட்டில் கட்டாயம் வேண்டும்.

இதையெல்லாம் தாண்டி நிற்கும் சாற்றில் ஆல்கலாய்டு (செடிகளில் இருக்கும் நைட்ரஜன் கொண்ட சேர்மம்) இருக்கிறதா என்று தேடுங்கள். இதே நொதியைத் தடுக்கும், அல்சைமர் நோய்க்குத் தரும் கேலன்டமைன் மருந்தும் ஒரு பூச்செடி ஆல்கலாய்டுதான்.