பாதி பாட்டில் ஜின்: கெட்டதா, மணம் போனதா?

கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன் திறந்த ஜின் பாட்டிலில் பாதி மீதம் இருக்கிறது. அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியில்தான் வைத்திருந்தேன். காலாவதித் தேதி எதுவும் போடவில்லை. போன வாரம் ஃப்ரீசரில் வைத்ததும் லேசாகக் கலங்கிவிட்டது. குடிக்கலாமா, கொட்டிவிடவா?

பதில்: அவசரப்பட்டுக் கொட்டிவிடாதீர்கள். சாதா ஜினில் ஆல்கஹால் பெரும்பாலும் 37.5 சதவீதமாவது இருக்கும். அதில் கிருமி வளராது. ஐரோப்பிய விதிப்படி 10 சதவீதமோ அதற்கு மேலோ ஆல்கஹால் உள்ள பானங்களுக்குத் தேதி போட வேண்டிய கட்டாயமே இல்லை.

கலங்கியதும் கெட்டதற்கு அடையாளம் இல்லை. ஜூனிபர் (ஜினுக்கு அடிப்படை மணம் தரும் காய்), கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல் இவற்றின் எண்ணெய் ஆல்கஹாலில் கரைந்திருக்கிறது. குளிர்ந்தால் கொஞ்சம் பிரிந்து வெண்மையாகத் தெரியும். வெளியே எடுத்து வையுங்கள், தெளிந்துவிடும். துகள் துகளாக மிதந்தால் பெரும்பாலும் கார்க் உதிர்ந்தது. காபி வடிகட்டும் தாளில் வடித்தால் போதும்.

உங்கள் பாட்டிலில் நான் சந்தேகப்படுவது மணத்தைத்தான். பாதி காலியான பாட்டிலில் மீதி பாதி காற்று. அந்த ஆக்சிஜனும் அடுப்புச் சூடும் சேர்ந்து முதலில் தின்பது எலுமிச்சை, ஆரஞ்சு வாசனையை. ஜூனிபரின் பிசின் மணம் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். சோதிக்க, 20 மி.லி. ஜினில் அறைச் சூட்டில் உள்ள 20 மி.லி. தண்ணீரைக் கலந்து மோந்து பாருங்கள். நீர்த்தால் ஆல்கஹாலின் காரம் அடங்கி, உள்ளே இருப்பது வெளியே தெரியும். சில்லென்று இருக்கும்போது சோதிக்கக் கூடாது. குளிர் மணத்தை அமுக்கிவிடும். ஜூனிபர் தெரிந்தால் டானிக் வாட்டரோடு குடிக்கலாம். வெறும் ஆல்கஹால் நெடியும் பழைய அட்டை வாசனையும் மட்டும் வந்தால் குடிப்பதில் சுகம் இருக்காது, ஆபத்தும் இருக்காது.

இனி இருட்டான, சூடு படாத அலமாரிக்கு மாற்றுங்கள். நிமிர்த்தியே வையுங்கள். ஒயினைப் போலப் படுக்க வைத்தால் இவ்வளவு வீரியமான ஆல்கஹால் கார்க்கை அரித்து, அதன் வாடையை உள்ளே இறக்கும். மூடிக்குப் பதில் பாட்டில் வாயில் ஊற்றும் மூக்கைச் செருகி அப்படியே விட்டுவிடுவது இன்னொரு தவறு. அந்தத் துளை வழியாக மணமும் ஆல்கஹாலும் ஆவியாகும். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியதும், கழுவி நன்றாக உலர்த்திய சின்னக் கண்ணாடி பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, திருகு மூடி போடுங்கள். ஈயம் கலந்த கிரிஸ்டல் குடுவை மட்டும் வேண்டவே வேண்டாம், ஈயம் கரைந்து இறங்கும். ஃப்ரீசர் தேவையில்லை, 40 சதவீத ஜின் -18 டிகிரியில் உறையாது என்றாலும், மணம் பரிமளிக்க அது இடமில்லை.

திறந்த பாட்டிலை ஒரு வருடத்துக்குள் முடிப்பது நல்லது. இது சாதா ஜினுக்கு. சர்க்கரையும் பழமும் சேர்ந்த ஸ்லோ ஜினிலும் ஜின் லிக்கரிலும் ஆல்கஹால் குறைவு. நிறமும் பழச்சுவையும் சில மாதத்திலேயே மங்கும். பால் க்ரீம் கலந்ததென்றால் லேபிளில் உள்ள தேதிதான் கணக்கு. வீட்டில் பழம் ஊறப்போட்டிருந்தால், ஜினுக்கு மேலே துருத்திய துண்டில் பூசணம் பிடிக்கும். பூசணம் கண்ணில் பட்டால் வடிகட்டிப் பிழைக்க வைக்கப் பார்க்காதீர்கள், மொத்தமும் கொட்டுங்கள்.